ஜெரார் மேடையிலிருந்து இறங்கிய மாலை

இக்கிழமை என் கல்லூரித் தேர்வறை நினைவுகளைத் தொடர்வதாக இருந்தேன். அவற்றைத் தள்ளி வைக்கிறேன். வேறொரு செய்தியை உடனே எழுதியாக வேண்டியுள்ளது. எழுதாவிட்டால் நல்ல மனிதர் ஒருவர் மீது விழுந்த பழி அப்படியே உறைந்துவிடும்.

அண்மையில் உப்பளத்தில் நடந்த பிரெஞ்சு நாட்டு விழா நடனத்தில், மூத்த பாடகி செலஸ்தீன் அம்மையார் மேடையேறிய அதே நொடியில், இசைக்குழுத் தலைவர் ஜெரார் பியானோவை ஓசையெழ மூடினார். எழுந்தார். படியிறங்கி வெளியே போனார். கூடத்தில் இருந்த அனைவரும் இதைக் கண்டனர். அவர்கள் கண்டது மெய். அதற்கு அவர்கள் கற்பித்த பொருள்தான் பொய்.

'கிழவியோடு வாசிக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார்' என்று மீன் அங்காடியில் பேசிக்கொள்கிறார்கள். 'இருவருக்கும் பழைய பகையாமே' என்று கருவடிக்குப்பத்தில் வாழும் என் உறவினர் தொலைபேசியில் வினவினார். விழாவைப் பற்றி எழுதிய ஒரு செய்தித்தாள் 'மேடையில் அவமதிப்பு' என்றே தலைப்பிட்டது.

அம்மையார் அன்று பாடிய பாட்டின் ஒத்திகைகளில் நான் உடனிருந்தேன். இசை கற்றவன் அல்லேன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் நடந்தது எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க இயலவில்லை. எழுதுகோலை எடுப்பதும், வாயில்வரை நடப்பதும், மீண்டும் வந்து அமர்வதுமாக இக்கிழமை கழிந்தது.

நின்றுபோன குரல்

உப்பளத்தில் பழைய துறைமுகத்தை ஒட்டி ஒரு கூடம் இருக்கிறது. முன்பு சரக்குக் கிடங்காக இருந்தது. இன்று அங்கே திருமண வரவேற்புகளும் குருதிக்கொடை முகாம்களும் நடக்கின்றன. மேடையின் வலப்பக்கம் ஜெராரின் தந்தை விட்டுச் சென்ற பியானோ நிற்கிறது.

விழாவுக்குச் சில கிழமைகள் இருந்தபோது, ஒரு பிற்பகல். மின்விசிறிகள் சுழன்றன, காற்றுத்தான் வரவில்லை. பித்தளை துலக்கும் களிம்பின் நெடியும், யாரோ பொட்டலத்தில் கொண்டுவந்த மசால்வடையின் மணமும், உப்பங்காற்றும் கலந்து மூக்கை அடைத்தன.

பியானோவில் ஜெரார். முன்வரிசையில் சாக்சபோன்காரர்கள், அவர்களுள் மூத்தவர் வேலு. பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். முத்தியால்பேட்டையில் இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். பின்வரிசையில் டிரம்பெட்டோடு ஆரோக்கியம். மாதா கோயில் தேரின் முன்னும் இறுதி ஊர்வலங்களின் முன்னும் ஊதுவது அவர் பிழைப்பு.

இக்கருவிகளுக்கெல்லாம் நான் தமிழ்ப் பெயர்கள் ஆக்கி வைத்துள்ளேன். சாக்சபோனை 'வளைகுழல்' என்று ஒருமுறை செலஸ்தீன் அம்மையாரிடம் சொன்னேன். அவர் நகைத்த நகைப்பு இன்னும் அடங்கவில்லை. ஆதலின் இக்கட்டுரையில் கருவிகள் தத்தம் பெயரிலேயே வரட்டும்.

அன்று ஒத்திகை பார்த்தது விழாவின் இறுதிப் பாட்டு. பழைய இணையர்கள் அதற்காகவே மாலை முழுதும் காத்திருப்பார்கள். முழங்கால் வலியென்று அமர்ந்திருப்பவர்கூட அதன் முதல் அடி கேட்டதும் எழுந்துவிடுவார். அப்பாட்டின் முடிவில் குரல் படிப்படியாக ஏறி ஓர் உச்சியைத் தொட்டு அங்கேயே நிற்க வேண்டும். குழு முழுதும் கீழிருந்து அதைத் தாங்கும்.

செலஸ்தீன் அம்மையார் ஏறினார். உச்சிக்கு ஒரு படி கீழே குரல் நூலறுந்தாற்போல் நின்றது.

"இன்னொரு தடவ," என்றார் ஜெரார், திரும்பிப் பாராமல்.

மீண்டும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை குரல் வெறும் காற்றாக வந்தது.

"தண்ணி குடிச்சிட்டு வா."

"தண்ணியில இல்ல ஜெரார் அது."

ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. வேலு தம் கருவியின் விசைகளை மிகுந்த அக்கறையோடு துடைத்தார். விழாக்குழுச் செயலர் பின்னிருக்கையிலிருந்து எழுந்து வந்தார். பணிவானவர்; அந்தப் பணிவே அன்று சுட்டது.

"மதாம், கஷ்டப்படாதீங்க. கடைசி பாட்டுக்கு மட்டும் ரெக்கார்டு போட்டுக்கலாம். இல்லாட்டி மெட்ராஸ்ல ஒரு பொண்ணு இருக்குது, நல்லா பாடுது."

"ரெக்கார்டுக்கு ஆடறதுக்கு அவங்க வீட்லயே ஆடிக்குவாங்களே, முசியே. இவ்ளோ தூரம் ஏன் வரணும்?"

செயலர் சிரித்து வைத்தார். முழு ஒத்திகை வரைக்கும் பார்ப்போம் என்றார்.

அம்மையார் என் அண்டை வீட்டார். அவருடைய மறைந்த கணவர் லூயி என்னோடு ஒரே கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தவர். அம்மையாருக்கு முழங்கால் நோவு வந்தபின் ஒத்திகைகளுக்கு நான் துணை போவேன். அன்று ஆட்டோவில் முத்தியால்பேட்டை வந்து சேர்ந்தோம். இறங்கும்போது சொன்னார்:

"பாடலன்னா அன்னிக்கு நான் வேடிக்க பாக்கறவளா போய் உக்காரணும், வாத்தியாரே. லூயி போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அந்த மேடதான். அங்க கீழ உக்காந்து இன்னொருத்தி பாடறத கேக்க என்னால ஆவாது. ஊர விட்டுப் போயிடுவேன். பாரீசுல தங்கச்சி இருக்கறா."

அது வெறும் மிரட்டல் அன்று. அவர் பயணப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியதை மறுநாள் சுவருக்கு இப்பால் நின்று நானே கண்டேன்.

அமர்ந்து கேட்க இயலாத இசை

இங்கே சற்று விலகிச் செல்ல வாசகர் இசைவு தர வேண்டும். இக்குழு வாசிப்பது ஸ்விங் எனப்படும் ஜாஸ் இசை. அமெரிக்க நாட்டு இரவு விடுதிகளில், பெருங்குழுக்கள் வாசிக்க மக்கள் இணையிணையாய் ஆடிய காலத்தில் தழைத்தது. இதற்கு 'ஊசலிசை' என்று நான் பெயர் சூட்டியிருக்கிறேன். ஊசல் என்பது அலைவதாலன்றி நிலைபெறாத பொருள். இவ்விசையும் அத்தகையதே.

அதன் இயல்பை எனக்கு விளக்கியவர் லூயி. நான்கு தட்டுகளில் நாம் வழக்கமாய் அழுத்தும் முதல் தட்டை இவர்கள் விட்டுவிடுவார்கள். இரண்டையும் நான்கையும் அழுத்துவார்கள். ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால் முன்பாதி நீளும், பின்பாதி குறுகும். முன்வரிசைச் சாக்சபோன்கள் ஒன்றைக் கேட்கும். பின்வரிசைப் பித்தளைக் கருவிகள் அதற்கு விடை சொல்லும். இவ்வளவையும் இலக்கணமாகக் கேட்டுக்கொண்டிருந்த என் கால், என்னைக் கேளாமலே ஆடத் தொடங்கியது. அன்று முதல் அக்குழுவின் இசைக்கு நடுவில் என்னால் நிலையாக அமர முடிந்ததில்லை. பின்சுவர் ஓரம் நடந்துகொண்டே கேட்பேன். "வாத்தியாருக்கு எறும்பு கடிச்சிடுச்சி" என்பார் ஆரோக்கியம்.

குழுவை அமைத்தவர் ஜெராரின் தந்தை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் சென்ற நம்மூர்ச் சொல்தாக்களுள், அதாவது சிப்பாய்களுள், ஒருவர். பகலில் படையின் ஊர்வலக் குழுவில் கிளாரினெட் ஊதினார். ஓய்வு மாலைகளில் நடன விடுதிகளின் வாயிலில் நின்று, உள்ளே வாசிக்கும் பெருங்குழுக்களைக் கேட்டார். சிப்பாயை உள்ளே விடமாட்டார்கள். கதவு திறந்து மூடும் இடைவெளியில் வருவதே அவருக்குக் கிடைத்த கல்வி. பாடகியின் ஒரு சொல், பிறகு கதவு. மீண்டும் திறந்தால் டிரம்போனின் பாதி.

ஊர் திரும்பியபோது ஒரு சாவி முறுக்கும் கிராமபோனும் சில இசைத்தட்டுகளும் கொணர்ந்தார். அச்சிட்ட இசைக்குறிப்புகள் அன்று இங்கே கிடைக்கவில்லை. ஆகவே முள்ளைத் தட்டில் வைப்பார், சில நொடி கேட்பார், எடுப்பார், பியானோவில் தேடுவார், எழுதுவார். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே. அப்படி எழுதிய பாட்டுகளைத்தான் குழு இன்றுவரை வாசிக்கிறது. துறைமுகத்தில் கப்பல்கள் நின்ற நாளில் கடலோர விடுதி ஒன்றில் அவர் குழு வாசிக்க, மாலுமிகள் மேசைகளை ஒதுக்கிவிட்டு ஆடுவார்களாம்.

அக்குழுவுக்கு ஒரு பெருமை உண்டு: வெளியூர்க்காரர் எவரும் அவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது. சென்னையிலிருந்து வந்த தேர்ந்த சாக்சபோன் கலைஞர் ஒருவர், விருந்தினராக அமர்ந்து ஒரு பாட்டின் பாதியில் கருவியை மடியில் கிடத்தினார். "இந்தக் கட்டையில எவனாவது எழுதுவானா?" என்று கேட்டாராம். பியானோக் கணக்கில் சொன்னால் எல்லாம் கறுப்புக் கட்டை, விரல் முடிச்சிட்டுக்கொள்ளும். அதை வேலு மீசையை நீவிக்கொண்டு சொல்வார். "பாண்டிச்சேரி தண்ணி குடிச்சாதான் இது வரும்."

கைப்பேசியில் கேட்ட பாட்டு

மீண்டும் செய்திக்கு வருகிறேன்.

ஒத்திகைக்குச் சில நாள் கழித்து, முற்பகலில் சுவருக்கு அப்பாலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. முதலில் ஒரு பழைய இசைத்தட்டின் கரகரப்பு. அதோடு அம்மையாரின் குரல். குரல் ஏறியது. உச்சியைத் தொட்டது. நின்றது.

நான் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்தேன்.

"வாத்தியாரே," என்று சுவர்மேல் அவர் முகம் தெரிந்தது. "கேட்டீங்களா? இல்ல, எனக்குத்தான் காது போச்சா?"

தனியே பழகுவதற்காக, அப்பாட்டின் மூல ஒலிப்பதிவைக் கைப்பேசியில் தேடி எடுத்திருக்கிறார். அவர் இளமைமுதல் பாடிய பாட்டு. ஆயினும் மூலத்தை அதுவரை கேட்டதில்லை. அந்த இசைத்தட்டு ஜெரார் வீட்டுப் பேழையில் இருந்தது. அதை எவரும் தொடுவதில்லை. அதோடு பாடிப் பார்த்தால் உச்சி எளிதாகக் கைக்கு வருகிறது.

"செல்லு தப்பா பாடுதோ என்னவோ," என்றார். எனக்கும் அதுவே தோன்றியது. வேலுவை வரச் சொன்னோம். கையில் எண்ணெய்க் கறையோடு, சாக்சபோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

வேலு கேட்டார். ஊதினார். மீண்டும் கேட்டார்.

"அர கட்ட கீழ இருக்குதும்மா. கொஞ்சம் மெதுவாவும் இருக்குது."

"எது? செல்லா?"

"செல்லு சரியாத்தான் இருக்கணும். அமெரிக்காக்காரன் பாட்டு. அவன் இப்பிடித்தான் பாடியிருப்பான்." கைப்பேசியை அம்மையாரிடம் திருப்பித் தந்தார். "அப்போ நாமதான் மேல இருக்கறோம்."

"இவ்வளவு காலமாகவா?" என்றேன்.

"வாத்தியாரே, ஜெரார் அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. நீங்க பேசினா ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கும், அவரு கோவப்பட மாட்டாரு."

முறுக்குப் பொறி

அவர் கோபப்பட்டார்.

"அப்ப எங்கப்பா காது தப்புன்றியா?" என்று செலஸ்தீன் அம்மையாரைக் கேட்டார். தம் வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்ன என்னை அவர் பார்க்கவே இல்லை. இருவரும் சிறுவயதில் ஒரே கோயிற் பாடற்குழுவில் நின்றவர்கள். அவர்கள் பேச்சில் மரியாதைக்கு இடமில்லை.

"காதச் சொல்லலடா. பொட்டியச் சொல்றேன்."

"பொட்டிக்கு என்னா?"

"வச்சிப் பாரேன்."

ஜெரார் கிராமபோனை எடுத்து மேசைமேல் வைத்தார். சாவி முறுக்கினார். அந்தத் தட்டை இட்டார். பாட்டு எழுந்தது, விரைவாக, கூர்மையாக, நம் குழு வாசிப்பதைப் போலவே. அவர் முகத்தில் ஒரு வெற்றி தோன்றிற்று. எழுந்து தம் வீட்டுச் சிறு பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினார். இரண்டும் ஒன்றின.

"கேட்டியா?"

அம்மையார் தட்டை நிறுத்தினார். தட்டின் ஓரத்தில் ஒரு சுண்ணக்கட்டிப் புள்ளி இட்டார். தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். அவ்வகைத் தட்டு ஒரு நிமிடத்தில் எழுபத்தெட்டுமுறை சுற்ற வேண்டும் என்பது தட்டின் நடுவிலேயே அச்சிட்டிருந்தது. தட்டை மீண்டும் ஓடவிட்டு நாங்கள் மூவரும் எண்ணினோம். நான்கைந்து சுற்று மிகுந்தது. மறுமுறையும் மிகுந்தது.

பெட்டியின் பக்கத்தில் விரைவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு நெம்பி உண்டு. ஜெரார் அதை நகர்த்தப் பார்த்தார். அசையவில்லை. கடற்காற்றில் துருவேறி, விரைவுப் பக்கத்திலேயே கடித்துக்கொண்டிருந்தது. அவர் தந்தை கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார். அவருக்குக் கேட்டதே அரைக் கட்டை உயர்ந்துதான் கேட்டது.

ஜெரார் நெடுநேரம் அந்த நெம்பியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்க வாசிச்சதெல்லாம்?"

"நல்லாத்தான் வாசிச்சீங்க," என்றார் அம்மையார். "வேகமா வாசிச்சீங்க. அப்ப எனக்கு இருபது வயசு, நானும் பாடிட்டேன். இப்ப முடியல. எறக்கிக் குடு ஜெரார்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. வாயில்வரை வந்து ஒன்று மட்டும் சொன்னார். "ஊர்ல இத பேச வேணாம். அப்பா பேரு கெட்டுடும்."

விரல்கள் கேளாமை

அடுத்த ஒத்திகைக்கு அவர் புதிய குறிப்புகளோடு வந்தார். இறுதிப் பாட்டை மட்டும், எல்லாக் கருவிகளுக்கும், அரைக் கட்டை இறக்கி எழுதியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

புதிய குறிப்பு, கருவிக்காரர்களுக்குப் பழையதைவிட எளியது என்று வேலுவே சொல்லியிருந்தார். கறுப்புக் கட்டை மிகக் குறைவு. ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் குழு சரிந்தது. ஒருவர் பழைய இடத்துக்குத் தாவினார், மற்றவர் புதிய இடத்தில் நின்றார். வாழ்நாள் முழுதும் ஒரே முடிச்சில் பழகிய விரல்கள், முடிச்சை அவிழ்த்ததும் வழி தெரியாமல் நின்றன. பாடகி உச்சியை அடையும் முன் குழு இரண்டு பாட்டாகப் பிரிந்திருந்தது.

"அண்ணே, என் வெரலு சொல்பேச்சு கேக்கல," என்றார் ஆரோக்கியம்.

"உன் பொண்டாட்டியும் அதத்தான் சொல்றா," என்றார் வேலு. சிலர் சிரித்தனர். ஜெரார் சிரிக்கவில்லை.

மீண்டும், மீண்டும் என்று பிற்பகல் நகர்ந்தது. நான் பின்சுவரோரம் நடந்துகொண்டிருந்தேன். முழு ஒத்திகை நெருங்கிவிட்டது, செயலர் வருவார், இப்படி ஒரு கூச்சலைக் கேட்டால் சென்னைப் பெண்ணுக்கு அன்றே தொலைபேசுவார்.

குழுவில் ஒருவர், பெயர் வேண்டாம், கருவியைத் தரையில் வைத்தார். "எதுக்குண்ணே இந்த பாடு? ஒருத்தருக்காக பதினஞ்சு பேரு மாறணுமா? அந்த மெட்ராஸ் பொண்ண கூட்டியாந்தா பழையபடி வாசிச்சிட்டு போலாம்."

"கூட்டியா," என்றார் செலஸ்தீன் அம்மையார். "அவ வர்ற வரைக்கும் நான் பாடறேன்."

 அந்த இறுக்கத்தில் ஆரோக்கியம் ஒரு விளையாட்டுச் செய்தார். டிரம்பெட்டில் எச்சில்நீர் வடிப்பவர் போல அதன் வளைகுழாயை உருவினார். உருவியதைத் திரும்பச் செருகாமல், கழன்று விழும் அளவுக்கு நீட்டி வைத்து, பழைய விரலிலேயே பாட்டின் கடைசி அடியை ஊதினார். குழாய் நீண்டால் ஒலி இறங்கும். சோம்பலான, தொங்கிய ஒலி வந்தது.

"இந்தாங்க, எறக்கிட்டேன். வெரலு அதேதான்."

சிரித்தார்கள். ஆனால் செலஸ்தீன் அம்மையார் அந்த ஒலியின்மேல் பாடத் தொடங்கியிருந்தார். ஏறினார். உச்சியில் நின்றார். மூச்சு தீரும்வரை நின்றார்.

சிரிப்பு அடங்கியது.

வேலு சாக்சபோனின் ஊதுவாயை, அது செருகியிருக்கும் தக்கையின் விளிம்புவரை இழுத்தார். மற்றவர்களும் இழுத்தார்கள். கிட்டார்க்காரரும் டபுள் பேஸ் என்னும் பெருவயலின்காரரும் கம்பிகளைத் தளர்த்தினர். முழு அரைக் கட்டையும் குழாயில் இறங்கவில்லை. மீதியை உதட்டால் இறக்கினார்கள். ஒலியில் ஒரு புளிப்பு இருந்தது என்று ஜெரார் பின்னர் சொன்னார். எனக்கு அது, நெடுநேரம் அழுது முடித்தவரின் குரல் போல இருந்தது.

எல்லோரும் இறங்கினார்கள். ஒரு கருவி மட்டும் இறங்கவில்லை.

பியானோ

ஜெரார் இரண்டு தாளக்கட்டு வாசித்தார். உடனே கைகளைத் தூக்கிவிட்டார். பல்லில் மணல் பட்டாற்போல் இருந்தது. பியானோவுக்கு உருவுவதற்குக் குழாயும் இல்லை, இறக்குவதற்கு உதடும் இல்லை. பழைய கம்பிகள், விழாவுக்குள் இறக்கினால் நிலைகொள்ளாது, அறுந்தாலும் அறுந்துவிடும் என்று அதைச் செப்பம் செய்பவர் சொல்லிவிட்டார். இறக்கி எழுதிய தம் குறிப்பை வாசிக்க அவரும் முயன்றார். பிறர் விரலுக்கு நேர்ந்ததே அவர் விரலுக்கும் நேர்ந்தது.

"கீபோர்டு வச்சிக்கலாமேண்ணே. ஒரு பட்டன் அமுக்குனா எறங்கிடும்," என்றார் வேலு. மறுநாள் ஒன்று கொண்டுவந்தார். ஜெரார் அதன்முன் அமர்ந்தார். பழைய இடத்தில் விரல் வைத்தார். ஒலி வேறாக வந்தது. கட்டையைப் பார்த்தாலே அதன் ஒலி அவருக்குள் கேட்டுவிடும். விரல் ஒன்று சொல்ல, காதில் மற்றொன்று விழ, நடுவில் அவர் தடுமாறினார். விளக்கணைந்த படிக்கட்டில் இறங்குபவரைப் போல இருந்தது. நான் பார்க்க மாட்டாமல் வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது கீபோர்டு பெட்டிக்குள் போயிருந்தது.

"கடைசி பாட்டுக்கு நான் இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மத்ததுக்கெல்லாம் வாசிக்கறேன். அதுக்கு நீங்க மட்டும். பக்கத்துல உக்காந்தா கை தானா கட்டைக்குப் போயிடும்."

"நீ இல்லாம நான் பாட மாட்டேன்," என்றார் செலஸ்தீன் அம்மையார்.

"நான் வாசிச்சா நீ பாட முடியாது."

"அப்ப ஜனங்ககிட்ட சொல்லிட்டுப் பாடறேன். ஜெரார் எனக்காக எழுந்துட்டான்னு."

"ஏன் எழுந்தான்னு கேப்பாங்க. பேச்சுல பொட்டி வரும், அப்பா வருவாரு. ஒண்ணும் சொல்லக்கூடாது நீ. பாடு, எறங்கு. அவ்ளோதான்."

"உன்ன தப்பா பேசுவாங்கடா."

"என்னத்தானே."

முழு ஒத்திகையில் செயலர் அப்பாட்டைக் கேட்டார். பியானோ இருக்கை வெறுமையாய் இருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "மதாம், இது போதும்," என்றார். சென்னைப் பேச்சு அத்தோடு நின்றது. அம்மையாரின் பயணப்பெட்டி பரணுக்குத் திரும்பியதா என்று நான் கேட்கவில்லை.

விழா நாளன்று பொழுது சாயும்போதே கூடம் நிறைந்துவிட்டது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். கஞ்சிப் பசையிட்ட சட்டைகளில் முதிய சொல்தாக்கள். பின்புறத்தில் ஆட்டிறைச்சியும் பிரெஞ்சு ரொட்டியும் மணத்தன. ஜெரார் அன்று வாசித்ததைப் போல் நான் கேட்டதில்லை. கைகள் கட்டைமீது இருந்தனவா காற்றில் இருந்தனவா என்று சொல்ல முடியவில்லை. ஆடியவர்கள் வியர்வையில் நனைந்தார்கள்.

இறுதிப் பாட்டுக்குச் செலஸ்தீன் அம்மையார் நீல உடையில் படியேறினார். அதே நொடியில் ஜெரார் எழுந்தார். பியானோ மூடியின் கீல் எப்போதோ தளர்ந்துவிட்டது. மெல்லத்தான் இறக்கினார், பாதியில் அது தானாக விழுந்தது. அந்த ஓசையைத்தான் ஊர் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் "சே" என்றார். ஜெரார் யாரையும் பாராமல் இறங்கிப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

நான் பின்தொடர்ந்தேன்.

பக்க வழியில் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே பாட்டு தொடங்கியது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் அது பெரிதாகவும் சிறிதாகவும் கேட்டது. குரல் ஏறத் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது உச்சியில் போய் நின்றபோது கூடத்தில் ஆடும் காலோசைகூட நின்றுவிட்டது.

கைதட்டல் எழுந்தது. ஜெரார் என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, உண்மையச் சொல்லுங்க. பியானோ இல்லாதது தெரியுதா?"

நான் கேட்ட அளவில் கேட்டதைத்தான் சொல்ல முடியும். "தெரியவில்லை," என்றேன்.

அவர் தலையசைத்தார். "அப்ப சரி," என்றார். கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, உள்ளே போகாமல், தெருப்பக்கமாக நடந்தார்.

ஊரார் பேச்சைக் கேட்டு மனம் பொறாமல், இதை எழுத அவரிடம் இசைவு கேட்டேன். பல நாள் மறுத்தார். "எழுதுங்க, அப்பா பேர மட்டும் போடாதீங்க" என்று நேற்று முன்தினம் சொன்னார். போடவில்லை.

இதில் பிழைகள் இருக்கும். கட்டைக் கணக்கில், கருவிகளின் உறுப்புகளில், சைகோன் செய்திகளில் அறிந்தோர் திருத்துக, நன்றியோடு ஏற்பேன். ஆனால் ஒரு திருத்தத்தை நான் வேண்டிக் கேட்கிறேன். என் செவி இலக்கணம் பயின்ற செவி; இசை பயின்றதன்று. அன்று அக்கூடத்தில் இருந்தவர்களில் எவரேனும், அந்த ஒரு பாட்டில் பியானோ இல்லாததை உணர்ந்திருந்தால், நான் ஜெராருக்குச் சொன்ன மறுமொழி பிழை. அருள்கூர்ந்து எழுதுங்கள். கொண்டுபோய் ஜெராரிடம் படித்துக் காட்ட வேண்டும்.